நளனைப் பிடித்தது சனியா?

நளன் கதை நாடறிந்த கதை. நிடத நாட்டு வேந்தன். அழகன், ஆற்றலன், அறநெறியாளன். அன்னத்தைத் தூதுவிட்டுத் தமயந்தியை மணந்தவன். சூதாடி நாட்டை இழந்தவன். நள்ளிரவில் மனைவியைக் காட்டிலே கைவிட்டவன். முடிவில் இழந்தவற்றையெல்லாம் மீளப் பெற்றவன். பாரதத்திலே கிளைக்கதையாக வருவதைப் புகழேந்திப் புலவர் நளவெண்பாவாக்கித் தந்தார். அதிவீரராம பாண்டியர் நைடதமாகப் பாடினார். ஏடு புரட்டாதவர்களும் இக்கதையை அறிவர். அவர்களுக்கு அதை அறிவித்தது புகழேந்தியின் பாட்டன்று. காரைக்காலை அடுத்த திருநள்ளாறு.

அங்கே நளதீர்த்தம் என்றொரு குளம். நளனைப் பிடித்த சனி அங்கேதான் விட்டது என்பது தலபுராணம். இரண்டரை ஆண்டுக்கொரு முறை சனிப்பெயர்ச்சி என்று நாள் குறிக்கப்படும். இலட்சக்கணக்கில் மக்கள் திரள்வர். எண்ணெய் தேய்த்து மூழ்குவர். உடுத்த துணியைக் களைந்துவிட்டுச் செல்வர். 2023 டிசம்பர் 20-இலும் இது நடந்தது. சனி ஞாயிற்றைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பங்கிட்டால் இரண்டரை ஆண்டு வருகிறது. கணக்கு சரிதான். ஞாயிற்றுக்கு ஏறத்தாழ 143 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுழலும் அக்கோள் ஒரு மனிதனின் கையைப் பிடித்துக் கவறாட வைத்தது என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

குளத்தில் மூழ்குவோரைக் கண்டு நகைப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. நகைத்து நகைத்து வாய் வலித்ததே தவிர, கூட்டம் குறைந்தபாடில்லை. நாம் கேட்பது வேறு. நளனைப் பிடித்தது உண்மையில் எது? புலவர் அதை எப்படிக் காட்டியிருக்கிறார்? இன்று காரைக்கால் தெருக்களில், சாராயக் கடை வாயிலில் விடியற்காலையிலே கை நடுங்க நிற்கிறானே ஒருவன், அவனுக்கும் நளனுக்கும் என்ன உறவு?

நளவெண்பா மூன்று காண்டம் உடையது: சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம். பெயர்களைப் பாருங்கள். இதிலே சனி எங்கே இருக்கிறது? நளனைப் பற்றியவன் கலி, சனி அல்லன். சுயம்வரத்துக்குக் காலங்கடந்து வந்த கலி, தமயந்தி நளனை மணந்தாள் என்று சினந்து, பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தானாம். ஒரு மாலையில் கால் கழுவிய நளன் சிறிதிடத்தை நனைக்காமல் விட்டானாம். அந்த ஈரம் படாத இடத்தின் வழியே கலி நுழைந்தானாம். காப்பியம் சொல்லும் காரணம் இவ்வளவே. காரணம் எதுவும் கிட்டாதபோது கவிஞர்கள் கையாளும் காரணம் இது.

ஆனால் கலி நுழைந்தபின் நிகழ்வதைப் புகழேந்தி காட்டும் திறம் இருக்கிறதே, அது வேறு வகை. புட்கரன் சூதாட அழைக்கிறான். அமைச்சர் தடுக்கின்றனர். அவர்கள் அடுக்கும் தீமைகளுள் கவறாடலும் கள்ளுண்டலும் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதை மனத்தில் வையுங்கள், பின்னர்ப் பயன்படும். நளன் அவர்களை மறுத்து வாதாடவில்லை. நலம் வரினும் தீது வரினும் வரட்டும், ஆட இசைந்துவிட்டோம், தடுக்காதே என்கிறான். ஆடுகிறான்; தோற்கிறான்; மீண்டும் ஆடுகிறான். நாடு போகிறது, நகர் போகிறது. தீமை என்று தெரிந்தே ஆடுகிறான். அறிவுரை அவன் காதிலே விழுகிறது, கைக்கு எட்டவில்லை.

அடுத்தது காடு. ஒற்றை ஆடையில் இருவர். உறங்கும் மனைவியை விட்டுப் போக எண்ணி ஆடையை அரிகிறான் நளன். போகிறான், திரும்புகிறான், மீண்டும் போகிறான், மீண்டும் திரும்புகிறான். அந்த மனத்துக்குப் புகழேந்தி சொல்லும் உவமை தயிர் கடைபவரின் கை. முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை, ஓயாமல்! குடியை விட எண்ணி விடமுடியாமல் தவிக்கும் ஒருவனை அருகிருந்து பார்த்தவர்கள் இந்த உவமையின் அருமையை அறிவர். காலையில் கையடித்துச் சத்தியம் செய்தவன் மாலையில் கடை நோக்கி நடக்கிறான். பாதி வழியில் திரும்புகிறான். திரும்பியவன் மறுபடியும் நடக்கிறான். அவன் பொய்யன் என்கிறோம். காலையில் சொன்னதும் மெய். மாலையில் நடந்ததும் மெய். இடையில் கடைவது எது என்பதே கேள்வி.

மருத்துவ நூல்கள் ஒருவனைப் 'பழக்கத்துக்கு அடிமைப்பட்டவன்' என்று கணிக்கச் சில அடையாளங்களைக் கூறுகின்றன. அடக்கமாட்டாத வேட்கை, தொடங்கினால் நிறுத்தும் ஆற்றல் இன்மை, கேடு கண்கூடாகத் தெரிந்தும் தொடர்தல், கடமையும் பிற இன்பங்களும் புறந்தள்ளப்படுதல். கலிதொடர் காண்டத்தில் இந்நான்கும் உள. அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலின் ஐந்தாம் பதிப்பு, சூதாட்டப் பித்தை மது முதலியவற்றின் பழக்கநோய்களோடு ஒரே இயலில் சேர்த்தது. மூளையில் 'இது இன்பம், மீண்டும் செய்' என்று பதிய வைக்கும் டோபமின் வழியை இரண்டுமே கைப்பற்றுகின்றன என்பது ஒரு காரணம். கவறையும் கள்ளையும் அருகருகே வைத்த அமைச்சர் மூளையைப் பிளந்து பார்த்தவர் அல்லர், மக்களைப் பார்த்தவர்.

ஆக, நோயைக் காட்டுவதில் புலவர் வென்றார். நோய்முதலைக் காட்டுவதில் தோற்றார். தலபுராணமோ அவரது வெற்றியை விட்டுவிட்டுத் தோல்வியை மட்டும் எடுத்துக்கொண்டது. கலியின் இடத்தில் சனியை அமர்த்திற்று; பரிகாரக் குளம் வெட்டிற்று. அதன் விளைவு ஏட்டோடு நிற்கவில்லை. காரைக்கால் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. தந்தை குடித்துக் குடித்து வேலையை இழந்தால், 'சனி பிடித்து ஆட்டுகிறது' என்பர் அண்டை வீட்டார். எப்போது விடும் என்று சோதிடரைக் கேட்பர். அவரும் ஆண்டுக் கணக்குச் சொல்வார். அதுவரை கல்லீரல் காத்திருக்குமா?

காரைக்கால் எப்படிப்பட்ட ஊர் என்பதை வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். காவிரிக் கழிமுகத்தில், மூன்று புறமும் தமிழ்நாடும் ஒரு புறம் கடலும் சூழ, 2011 கணக்கின்படி 2 இலட்சம் மக்கள் வாழும் சிறு நிலம். சேலத்தில் 1937 அக்டோபர் 1-இல் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியபோது, காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1-இல் கொடி மாறிற்று, கடை மாறவில்லை. தமிழ்நாட்டில் 1971-இல் விலக்குத் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. இவ்வளவு மாற்றத்திலும் எல்லைக்கு இப்பால் புட்டி நின்ற இடத்திலேயே நின்றது. சாராயக் கடைகள் இன்றும் அரசின் ஏலத்தில் எடுக்கப்படுகின்றன. நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். தரங்கம்பாடிப் பக்கம் நண்டலாறு. எல்லையைக் கடந்தவனை முதலில் வரவேற்பது எது என்று அவ்வழி சென்றவர்களைக் கேளுங்கள். வரி குறைவு, விலை குறைவு. மலிவாகவும் அருகிலும் கிடைக்கும் இடத்தில் குடிப்போர் தொகை ஏறும் என்பதற்குக் கோள்நிலை பார்க்க வேண்டியதில்லை. புதுவை அரசின் வருவாயில் கலால் வரி பெரும் பங்குகளுள் ஒன்று என்பதைப் பார்த்தாற் போதும்.

சனியை நம்புவோர்க்கு ஒரு சொல் சொன்னோம். இனி நம் தோழர்களுட் சிலர்க்கும் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. இவர்கள் சனியை நம்பார், குளத்தில் மூழ்கார். ஆனால் குடிப்பவனைக் கண்டால், 'ஒழுக்கங்கெட்டவன், மானமற்றவன், உறுதியில்லாதவன்' என்று மூன்று சொல்லில் தீர்ப்பெழுதி அகல்வர். கலி, சனி, ஒழுக்கக்கேடு எனப் பெயர் மாறியதேயன்றி விளக்கம் வளர்ந்ததா? உறுதியில்லாமை என்பதும், ஈரம் படாத கால் என்பதும் ஒரு நிறைதான். எதனால் உறுதி போயிற்று என்று கேட்பதே பகுத்தறிவு. கேட்பவர்க்கு விடை உண்டு.

மது மூளையில் இரண்டு வேலை செய்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்னும் பொருளின் செயலைக் கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தால் மூளை இதற்கு ஈடுகட்டத் தன்னையே மாற்றிக்கொள்கிறது. அமைதியைக் குறைத்துக் கிளர்ச்சியைக் கூட்டி வைக்கிறது. முன்பு அரைப் புட்டியில் வந்த மயக்கத்துக்கு இப்போது ஒரு புட்டி வேண்டும். பிறகு மயக்கத்துக்காக அன்று, நடுக்கம் நிற்பதற்காகவே குடிக்கிறான். விடியலில் கடைவாயிலில் நிற்பவன் இன்பம் நாடி நிற்பவன் அல்லன். நடுக்கத்துக்கு அஞ்சி நிற்பவன்.

இந்நிலையில் இருப்பவனைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று கயிறு கட்டி, 'இன்று முதல் தொடேன்' என்று சூளுரைக்கச் செய்கின்றனர். அவனும் மெய்யாகவே நிறுத்துகிறான். சில மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம், குமட்டல், உறக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, சிலருக்குக் கடுமையான சன்னி காண்கிறது. இல்லாத பூச்சிகள் உடலில் ஊர்கின்றன. இல்லாதவர் குரல் கேட்கிறது. நாளும் இடமும் மறந்து அலறுகிறான். வீட்டார் நடுங்குகின்றனர். 'நேர்த்தி தவறினான், தெய்வம் தண்டிக்கிறது' என்பார் ஒருவர். 'பேய் புகுந்தது' என்பார் மற்றொருவர். பூசாரி வருகிறார், வேப்பிலை வருகிறது, மருத்துவர் வரவில்லை. தோழர்களே, பிடித்தது சனியன்று, சன்னி! மருத்துவம் செய்யாவிடின் உயிரைக் குடிக்கவல்ல சன்னி. மருத்துவமனையில் சேர்த்து, டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்துகளை உரிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிவர். நெடுநாட் குடியால் உடலில் அற்றுப்போன தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை ஊசியால் ஏற்றுவர். அதை ஏற்றாது விட்டால் நடை தள்ளாடி, கண்ணசைவு கெட்டு, நினைவாற்றலே நிலையாக அழிந்துவிடுவதும் உண்டு. நாள்தோறும் மிகக் குடிப்பவன் மருத்துவர் துணையின்றித் திடீரென்று நிறுத்தலாகாது என்ற ஒரு செய்தியை ஊர்தோறும் கொண்டு சென்றால், எத்தனையோ உயிர்கள் நிற்கும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்' என்று பொடி விற்கின்றனர் சிலர். டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்டு. அதை உட்கொண்டவன் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி எடுக்கும், இரத்த அழுத்தம் வீழும். இதய நோயாளிக்கு அது உயிருக்கே உலையாகலாம். அதனால்தான் நோயாளியிடம் விளக்கி, அவன் ஒப்புதல் பெற்று, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது முறை. வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரொசேட் என்று வேறு மருந்துகளும் இன்று உள்ளன. சோற்றில் மறைத்துக் கலக்கும் பொடியோ நோயாளியை மனிதனாகவே மதியாத பொடி.

இப்போது கலிநீங்கு காண்டத்துக்கு வருவோம். கலி எங்கே நீங்கினான்? குளக்கரையிலா? இல்லை. உருமாறி வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக உழைக்கிறான் நளன். அயோத்தி மன்னன் இருதுபன்னனை ஏற்றிக்கொண்டு விதர்ப்பம் நோக்கித் தேர் விரைகிறது. வழியிலே ஒரு தான்றி மரம். அதன் காய்கள் இத்தனை என்று மன்னன் பார்த்த அளவில் சொல்கிறான், நளன் எண்ணிச் சரிபார்க்கிறான், தொகை ஒக்கிறது. எண்ணும் கலையை மன்னனிடம் நளன் கற்கிறான். தேர் செலுத்தும் கலையை மன்னனுக்குக் கற்பிக்கிறான். அப்போது நீங்குகிறான் கலி!

எண்ணிப் பாருங்கள். கவறாட்டம் எண்ணின் ஆட்டம். எண் அறியாதவனாய் ஆடியபோது பற்றிய கலி, எண் அறிந்ததும் விட்டது. நீர் விலக்கவில்லை, நெய் விலக்கவில்லை, அறிவு விலக்கிற்று. அதுவும் தனியே வந்த அறிவன்று; ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொண்ட அறிவு. தலபுராணம் எழுதியோர் இந்த இடத்தைக் கடந்து சென்றதேன்? காய் எண்ணக் கற்ற மனிதனுக்குப் பரிகாரக் குளம் தேவைப்படாது என்பதாலா?

ஒருவர்க்கொருவர் என்றோம். அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1935-இல், குடிநோயால் சீரழிந்த இருவர் சந்தித்துப் பேசியதிலிருந்து எழுந்தது 'பெயர் அறிவிக்காத குடிநோயாளர்' கழகம். அதன் படிகளிலே தெய்வம் பேசப்படுகிறது. நமக்கு அது உடன்பாடன்று. ஆனால் அதிலே வேலை செய்வது எது என்று பிரித்துப் பார்ப்பதே அறிவுடைமை. விழுந்து எழுந்தவன் விழுந்தவனிடம் பேசுகிறான்; 'இன்று ஒரு நாள்' என்று எண்ணுகிறான்; வழுக்கினால் வைவார் இல்லை; மறுநாளும் இருக்கை காத்திருக்கிறது. தெய்வம் வேண்டாதவர்க்கும் அத்தோழமை வேண்டும். படிப்பகமும் மன்றமும் நடத்தும் நம்மால் அத்தகைய ஓர் இருக்கையைப் போட முடியாதா?

வள்ளுவரைப் பார்ப்போம். கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம். அடுத்தது சூது. அதற்கும் அடுத்தது எது? மருந்து! நோய் எது, அதன் முதல் எது, தணிக்கும் வழி எது என்று ஆராயச் சொன்னவரும், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் ஆகிய நால்வகையும் கூடியதே மருத்துவம் என்றவரும் அங்கேதான் நிற்கிறார். கள்ளுண்ணாமையில் அவர் சொற்கள் கடுமையானவை. நாணம் அவனுக்குப் புறங்காட்டும் என்றும், பெற்ற தாயும் முகஞ்சுளிப்பாள் என்றும் இடித்துரைக்கிறார். குடிக்கத் தொடங்காதவனைத் தடுக்க அக்கடுமை உதவலாம். அடிமைப்பட்டவனை மீட்க அது போதாது. நாணத்தை மறக்க மேலும் குடிப்பதே அவன் வழக்கம். போதையில் இருப்பவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீப்பந்தத்தோடு தேடுவது போன்றது என்று அவரே ஒப்புகிறார். பின் என்ன செய்வது? இரண்டு அதிகாரம் தள்ளிப் படியுங்கள் என்போம் நாம்.

படித்தோமா? 2019-இல் நடுவணரசு வெளியிட்ட, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய நாடுதழுவிய ஆய்வைப் பாருங்கள். மதுவால் கேடுற்றவர்களும் அடிமைப்பட்டவர்களுமாக 5.7 கோடிக்கு மேற்பட்டோர்க்கு உதவி தேவை. அடிமைப்பட்டோருள் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேருக்கு ஒருவர். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? கயிறு, பொடி, வசை! சென்னையில் 1980-லேயே டி.டி. ரங்கநாதன் நினைவாக எழுந்த அறக்கட்டளை இதற்கெனவே மருத்துவமனை கண்டது. இது நோய், குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவம் வேண்டும் என்று காட்டிற்று. காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை உண்டு. ஜிப்மரின் கிளையாக 2016-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் உண்டு. திருநள்ளாற்றுக்குச் செல்லும் பேருந்து அந்த ஊரைத் தாண்டித்தான் செல்கிறது.

தமயந்தியை மறக்கலாகாது. கற்பரசி என்று அவளைப் புகழ்வோர் அவள் கண்ணீரையே பேசுவர். நாம் அவள் அறிவைப் பேசுவோம். ஆள் அனுப்பித் தேடினாள். விடை கொண்டுவந்தவனை வினவினாள். இரண்டாம் சுயம்வரம் என்றொரு சூழ்ச்சி செய்து நளனை வரவழைத்தாள். காத்திருந்து அழுதவள் அல்லள், ஆராய்ந்தவள். ஆனால் காட்டில் அவள் பட்ட பாட்டைக் கற்பின் பெருமை என்று காட்டி, அடிபட்டுக்கொண்டு பொறுத்திரு என்று இன்றைய பெண்களுக்குப் போதிப்பார்களானால், அப்போதனையை நாம் ஏற்கமாட்டோம். நோயாளிக்கு மருத்துவம் உரிமை. மனைவி மக்களுக்குப் பாதுகாப்பு உரிமை. ஒன்றுக்காக மற்றொன்றை விற்க வேண்டியதில்லை.

கடைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1921-இல் கள்ளுக்கு எதிராகத் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார்; நாகம்மையாரும் கண்ணம்மையாரும் ஈரோட்டில் கடை மறியல் செய்தனர். அதே பெரியார் பிற்காலத்தில், சட்டத்தால் மட்டும் மதுவிலக்கு நடவாது என்றார். கடை மிகுந்தால் நோய் மிகும். ஆதலால் கடை குறைய வேண்டும், விலைப்போட்டி ஒழிய வேண்டும், கலால் வருவாயில் ஒரு பங்கு கட்டாயம் மருத்துவத்துக்குச் செல்ல வேண்டும். கடையை மூடினாலும் நடுக்கம் மூடிக்கொள்ளாது. ஆதலால் படுக்கை வேண்டும், மருந்து வேண்டும், தோழமை வேண்டும். வருவாயை எண்ணத் தெரிந்த அரசுக்கு நோயாளிகளையும் எண்ணக் கற்பிப்பது நம் கடமை.

இளைஞர்களே! அடுத்த பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் கூட்டம் கூடும். அங்கே சென்று வாதிடுவதினும், உங்கள் தெருவிலே ஒரு வேலை இருக்கிறது. சனி பிடித்தது என்று சொல்லப்படும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வசை வேண்டா, சூள் வேண்டா. கடைசியாக எப்போது குடித்தான், நிறுத்தினால் நடுங்குகிறதா, முன்பு வலிப்பு வந்ததா என்று கேளுங்கள். வந்ததென்றால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழி தெரியாவிடின், போதைமீட்புக்கென நடுவணரசு வைத்திருக்கும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. திரும்பி வந்தபின் வாரம் ஒரு மாலை அவனோடு அமருங்கள். ஒரு முறை வழுக்கினால் மறுமுறையும் அழைத்துச் செல்லுங்கள். தயிர் கடையும் கை ஒரே இழுப்பில் நின்றுவிடாது.